முனைகளின் மின் இயல்பை அமைத்தல்: கெர்னலின் பணியும் களத்தின் கடமையும்

மழையளவைத் தானே பதிவு செய்யும் நிலையங்களில் சாயும் வாளி மழைமானி பெரிதும் கையாளப்படுகிறது. வாளியில் குறித்த அளவு நீர் சேர்ந்ததும் அது ஒரு பக்கம் சாய்கிறது. சாயும்போது அதனோடு பொருத்திய காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கணநேரம் மூடித் திறக்கிறது. அச்சுவிட்சு ஒரு சிறு கணிப்பொறியின் முனையோடு இணைக்கப்படுகிறது. முனையில் தோன்றும் மாற்றங்களை எண்ணிக் கணிப்பொறி மழையைக் கணக்கிடுகிறது. ஒரு சாய்வுக்கு 0.5 மி.மீ. எனக் கொண்டால், 20 பொய்ச் சாய்வுகள் பதிவாகும்பொழுது, பெய்யாத மழை 10 மி.மீ. ஏட்டில் ஏறிவிடும். மழைமானி பழுதற்றதாகவும், எண்ணும் நிரல் பிழையற்றதாகவும் இருந்தும் இவ்வாறு நிகழ்வதுண்டு. அந்நிலையில் முதலில் ஆராயத்தக்கது முனையின் மின் இயல்பாகும். அவ்வியல்பு யாது, அதனை அமைப்பது யார், அமைந்ததா என்று அறிவது எவ்வாறு என்பன இப்பாடத்தின் பொருள்.

மிதக்கும் முனை

உள்ளீட்டு முனை மின்னழுத்தத்தை மட்டுமே அறியும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சிப்பில் அவ்வளவை ஒட்டியிருப்பது உயர்நிலை. சுழியை ஒட்டியிருப்பது தாழ்நிலை. ரீட் சுவிட்சின் ஒரு முனை கணிப்பொறியோடும், மறுமுனை தரையோடும் இணைந்திருப்பதாகக் கொள்வோம். சுவிட்சு மூடினால் தாழ்நிலை என்பது தெளிவு. அது திறந்திருக்கும்போது கணிப்பொறி முனை எதனோடும் சேராமல் தனித்து நிற்கிறது. இதுவே மிதக்கும் முனை. அருகில் ஓடும் மின்கம்பி, மின்னல், ஏன், கையை அருகே கொண்டு செல்வது கூட அதன் அழுத்தத்தை மாற்றப் போதுமானது.

இதற்குப் பரிகாரம், முனையை ஒரு மின்தடையின் வழியாக 3.3 வோல்ட்டோடு இணைத்து வைப்பதாகும். இது மேலிழுப்பு எனப்படும். தரையோடு இணைப்பின் அது கீழிழுப்பு. பெரும்பாலான சிப்புகளில் இவ்விரு தடைகளும் உள்ளேயே அமைந்துள்ளன. நிரலின் கட்டளையால் அவற்றைச் சேர்க்கலாம், விலக்கலாம்.

பிற இயல்புகள்

மேற்கூறியது தவிர வேறு சில இயல்புகளும் உண்டு.

1. ஓட்டுதிறன்: வெளியீட்டு முனை தன் அழுத்தநிலை குலையாமல் எத்தனை மில்லி ஆம்பியர் தரவல்லது என்பதன் அளவு. 2012-இல் வெளிவந்த முதல் ராஸ்பெரி பையில் உள்ள பி.சி.எம். 2835 சிப்பில் இது 2 முதல் 16 மில்லி ஆம்பியர் வரை இரண்டிரண்டாக உயர்த்தத்தக்கது. இது மின்னோட்டத்திற்கு வரம்பு கட்டும் காப்பு அன்று என்பதை நினைவிற் கொள்க. முனை குறுக்கிணைந்தால் இந்த அளவைக் கடந்தும் ஓட்டம் பாயும்.

2. ஓப்பன் டிரெயின்: முனை கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாது. ஒரே கம்பியைப் பல சிப்புகள் பகிரும் ஐ2சி போன்ற இணைப்புகளுக்கு இது உகந்தது.

3. ஷ்மிட் உள்ளீடு: ஏறும்போது ஓர் எல்லையும் இறங்கும்போது அதனினும் தாழ்ந்த மற்றோர் எல்லையும் வைத்து, சிறு நடுக்கங்களைப் புறக்கணிக்கும் அமைப்பு.

கெர்னலின் பணி

லினக்ஸ் இயக்கமுறைமையின் உட்கருவான கெர்னலே இவ்வியல்புகளைச் சிப்பின் பதிவகங்களில் எழுதுகிறது. முன்னாளில் ஒவ்வொரு சிப்பு வகைக்கும் இதற்கெனத் தனித்தனி நிரல் இருந்தது. ஒன்றில் பயின்ற முறை மற்றொன்றில் பயன்படவில்லை. லினஸ் வாலெய் என்னும் பொறியறிஞர் வகுத்த பொதுவான முனைக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2012 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 3.2 பதிப்பில் இடம்பெற்றது.

இம்முறையில், எந்தச் சாதனத்திற்கு எந்த முனைகள், அவற்றிற்கு எந்த இயல்புகள் என்பன ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் விவரணக் கோப்பில் எழுதப்படுகின்றன. சாதனத்தின் இயக்கி நிரல் தன் வேலையைத் தொடங்குமுன், ‘இயல்பு நிலை’ எனக் குறித்தவற்றைக் கெர்னல் முனைகளில் அமைத்துவிடுகிறது. சாதனம் உறங்கும்போது வேண்டிய நிலையையும் தனியே குறிக்கலாம். மின்கலத்தில் இயங்கும் நிலையங்களுக்கு இது சிக்கனம் தரும். ஒரே முனையை இரண்டு சாதனங்கள் கோரினால், பின்வந்த கோரிக்கையைக் கெர்னல் மறுத்துத் தன் குறிப்பேட்டில் பதிகிறது.

எண்ணும் நிரல் தானே முனையைக் கேட்டுப் பெறும் வழியும் உண்டு. அவ்வாறு கேட்கும்போது மேலிழுப்பையும் உடன் கேட்கும் வசதி 2020 ஜனவரியில் வெளியான 5.5 பதிப்பில் சேர்ந்தது.

ஈரம் செய்யும் கேடு

கட்டளை சரியாக இருப்பின் வேலை முடிந்தது எனக் கருதலாகாது. சிப்பின் உள்ளிழுப்புத் தடை சுமார் 50,000 ஓம் அளவினது. ஆகவே வலிமை குறைந்தது. நீண்ட கம்பியின் இணைப்புப் பெட்டியில் ஈரம் புகுந்து, தரைக்கு 50,000 ஓம் கசிவு ஏற்பட்டதாகக் கொள்வோம். இரு தடைகளும் சமமாதலின், முனையின் அழுத்தம் 3.3 வோல்ட்டில் பாதியாகி 1.65 வோல்ட்டில் நிற்கும். இது உயர்நிலையும் அன்று, தாழ்நிலையும் அன்று. ஈரம் புகுவது மழைக்காலத்தில் ஆதலின், அளவு மிகத் தேவைப்படும் நாளிலேயே அளவு கெடுகிறது.

வெளியே 4,700 ஓம் தடை ஒன்றை மேலிழுப்பாகச் சேர்த்தால், அதே கசிவிலும் அழுத்தம் சுமார் 3 வோல்ட்டு நிற்கும். சுவிட்சு மூடியிருக்கும் கணத்தில் மட்டும் அத்தடை வழியே 0.7 மில்லி ஆம்பியர் ஓடும். ஏனைய நேரத்தில், கசிவு இல்லையேல், செலவில்லை.

மின்சாரம் வந்தது முதல் கெர்னல் ஏறும் வரையிலான இடைவேளையும் கருதத்தக்கது. அப்போது முனைகள் சிப்பின் பிறவி நிலையில் இருக்கும். பி.சி.எம். 2835-இல் 0 முதல் 8 வரையிலான முனைகள் மேலிழுப்பிலும், 9 முதல் 27 வரையிலானவை கீழிழுப்பிலும் விழிக்கின்றன. பம்பையோ மதகையோ இயக்கும் ரிலே இணைந்த முனைக்கு இந்த இடைவேளையிலும் பாதுகாப்பு வேண்டும். அதனை வெளித்தடையே தரவல்லது.

சோதிக்கும் முறை

கெர்னலின் சோதனைக் கோப்பமைப்பில், ‘பின்கன்ட்ரோல்’ அடைவின்கீழ், முனை எந்தச் சாதனத்திற்கு உரியது என்பதை ஒரு கோப்பும், அதன் மின் இயல்பை மற்றொரு கோப்பும் காட்டும். எனினும் எல்லாச் சிப்புகளும் தம் இழுப்பு நிலையைத் திரும்பக் கூறுவதில்லை, பி.சி.எம். 2835 கூறாது. அங்கு மல்டிமீட்டரே சான்று. மழைமானியின் கம்பியைக் கழற்றியபின் முனைக்கும் தரைக்கும் இடையே அளந்தால், மேலிழுப்பு உள்ள முனை 3.3 வோல்ட்டை ஒட்டி அசையாது நிற்கும். கம்பியைச் சேர்த்ததும் அளவு இறங்கினால், கசிவு கம்பியிலோ பெட்டியிலோ உள்ளது.

இறுதியில், வாளியைக் கையால் பத்து முறை மெல்லச் சாய்த்து, பதிவும் பத்தே காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். மிகுந்து காட்டினால், ரீட் சுவிட்சின் தகடுகள் மூடும்போது துள்ளுவதும் காரணமாகலாம். துள்ளல் நீக்கும் கால அளவை நிரலில் குறித்து அதனைக் களையலாம்.

வகுப்பில் செய்து காட்ட

ஒரு முழ நீளக் கம்பியை உள்ளீட்டு முனையில் செருகி, இழுப்பு எதுவுமின்றி, ஒரு நிமிடத்தில் தோன்றும் மாற்றங்களை எண்ணச் செய்க. கம்பியருகே கையை அசைக்கச் சொல்க. பின்னர் மேலிழுப்பைச் சேர்த்து மீண்டும் எண்ணுக. இரண்டு எண்களையும் மாணவர் கரும்பலகையில் அருகருகே எழுதுக. ராஸ்பெரி பையில் 2, 3 ஆம் முனைகளுக்குப் பலகையிலேயே 1,800 ஓம் மேலிழுப்பு உள்ளதால், இச்சோதனைக்கு அவை ஆகா. எம்முனையிலும் 5 வோல்ட்டு செலுத்தலாகாது.

வினாக்கள்

1. சுவிட்சு திறந்திருக்கும்போது முனை ஏன் மிதக்கிறது?

2. கசிவு 10,000 ஓம் ஆயின், 50,000 ஓம் உள்ளிழுப்பு மட்டும் உள்ள முனையின் அழுத்தம் யாது? நிரல் அதனை எவ்வாறு படிக்கும்?

3. நிரலால் அமைக்கத்தக்க மேலிழுப்பு இருந்தும், ரிலே முனைக்கு வெளித்தடை வேண்டுவது ஏன்?