ஜெர்மன்காரர் நடத்தினால் ஜெர்மன் பள்ளியா?

தரங்கம்பாடியில் 1707-இலேயே ஜெர்மன்காரர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்களாமே, அது ஜெர்மன் மொழிப் பள்ளியா? மகனை ஜெர்மனிக்கு அனுப்பும் எண்ணம் உண்டு. அப்படியொரு பள்ளியில் சேர்த்தால்தான் சரிவருமா?
– வாசகி, பாண்டிருப்பு

இல்லை, அம்மா. டென்மார்க் மன்னர் அனுப்பி 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகியவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் திறந்த பள்ளியில் பாடம் தமிழில்தான் நடந்தது. மதம் பரப்பத்தானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் வாழப்போவது தமிழ் ஊரில் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெர்மன் வழிப் பள்ளிகள் டெல்லியிலும் பம்பாயிலும் 1961-இல்தான் வந்தன. அவை முதலில் அங்கு வேலைக்கு வந்த ஜெர்மன் மொழிக் குடும்பங்களுக்காகத் தொடங்கியவை. தகப்பனுக்கு மாற்றலாகி ஊர் திரும்பினால் பிள்ளை அங்கே வகுப்பைத் தொடர வேண்டுமே! ஆக, பயிற்று மொழியைத் தீர்மானிப்பது பள்ளியை நடத்துகிறவரின் நாடு அல்ல, பிள்ளை அடுத்துப் போகும் இடம்.

உங்கள் மகனும் ஜெர்மனிக்குத்தானே போகிறான் என்று இதையே என்மேல் திருப்பலாம். அவன் போவது உயர்தரம் முடித்த பிறகு. அதுவரை கணிதமும் விஞ்ஞானமும் தெரிந்த மொழியில் உறைக்கட்டும். ஜெர்மனைத் தனிப்பாடமாகப் படித்தால் போதும். கொழும்பிலுள்ள கோதே நிறுவனம் ஏ1 நிலையிலிருந்து வகுப்பும் பரீட்சையும் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.