படம் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் எப்போதாவது படம் காட்டுவார்கள். பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். கேமரன் மலைப் பனி இறங்கிவிட்டால் துணியில் விழ வேண்டிய வெளிச்சம் பாதி வழியிலேயே புகையாக நிற்கும். அப்போதும் யாரும் எழுந்து போகமாட்டோம். நான் மட்டும் துணியைப் பார்க்காமல் புரொஜெக்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது தானா ராத்தாவில் சனிக்கிழமைகளில், நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் சில பிள்ளைகளோடு உட்காருகிறேன். இங்கே 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களின் பேத்திகளும் பேரன்களும்தான் இவர்கள். இன்று தேயிலை நிரைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் நிற்கிறார்கள். கிள்ளிய கைகளை நேரில் கண்ட தலைமுறை வயதாகிக்கொண்டு வருகிறது. அதனால் பிள்ளைகள் பாட்டிமாரைப் பேசவைத்துக் காணொளி எடுத்திருக்கிறார்கள். அவற்றை ஓட்டிக்காட்ட ஒரு சின்ன மேசைக்கணினி நிரல் வேண்டும். மழை பிடித்தால் எங்கள் பள்ளத்தாக்கில் இணையம் போய்விடும், ஆகவே எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். "தாத்தா, எங்கே தொடங்குறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை எழுதிவைக்கிறேன்.

1. படத்தை விரிக்கும் இயந்திரத்தை நீங்கள் எழுத வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்டி சட்டகம் ஒன்றில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு சட்டகமே 62 லட்சம் பைட். நொடிக்கு 30 சட்டகம் என்றால் 18 கோடியே 66 லட்சம் பைட். உங்கள் கோப்பு அவ்வளவு பெரிதாக இல்லை. பின்னால் தேயிலைச் சரிவு அப்படியே நிற்க, பாட்டியின் கை மட்டும் அசைந்தால், முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதியைத்தான் பெரும்பாலும் எழுதிவைக்கிறார்கள். அப்படிச் சுருக்கவும் விரிக்கவும் தெரிந்ததற்குப் பெயர் கோடெக். பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்த வேலை அது. விஷுவல் ஸ்டூடியோவில் பழகுகிறவர்கள் விண்டோஸ் மீடியா பிளேயர் கட்டுப்பாட்டைக் கருவிப்பெட்டியில் சேர்த்துப் படிவத்தின் மேல் இழுத்துப் போடுங்கள். பைத்தானில் பழகுகிறவர்கள் விஎல்சி நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஎல்சி பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: 1996-இல் பாரிஸின் எகோல் சென்ட்ரலில் படித்த மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பில் படம் பார்ப்பதற்காகத் தொடங்கியது. உங்களைவிட மூன்று நான்கு வயது கூடுதலாக இருந்திருக்கும் அவர்களுக்கு.

2. டின் வேறு, தூள் வேறு. டின்னின் வடிவத்தைப் பார்த்து உள்ளே இருப்பது பி.ஓ.பி. தேயிலையா டஸ்ட் தேயிலையா என்று சொல்ல முடியுமா? எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாம் டின்கள். உள்ளே படம் ஒரு கோடெக்கிலும் ஒலி இன்னொரு கோடெக்கிலும் இருக்கும். இதை எனக்கு உணர்த்தியது ஒரு கோயில் மண்டபம். திருவிழா மாலையில் ஊரே உட்கார்ந்திருக்க, நிரலை ஓட்டினோம். பாட்டியின் குரல் கணீரென்று வந்தது, திரை கறுப்பாகவே கிடந்தது. என் வீட்டுக் கணினியில் நன்றாக ஓடிய அதே எம்பி4. எச்.265-இல் சுருக்கிய படம் அது, மண்டபத்துக் கணினியில் அதை விரிக்கும் நீட்சி நிறுவப்படவில்லை. புதிய அலைபேசிகள் பல அந்தக் கோடெக்கில்தான் பதிவு செய்கின்றன. ஆகவே கையில் வந்த கோப்பை அப்படியே சேர்க்காதீர்கள். எஃப்எஃப்எம்பெக் அல்லது ஹேண்ட்பிரேக் கொண்டு எல்லாவற்றையும் எச்.264 ஆக மாற்றி வையுங்கள். அது 2003-இலிருந்து இருக்கிறது, பழைய கணினியும் அதை அறியும்.

3. கோப்பின் முழு முகவரியை நிரலுக்குள் எழுதாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள கோப்புறை அடுத்த கணினியில் இராது. நிரல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறை வைத்து, அங்கிருந்து தேடச் சொல்லுங்கள். பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் இன்னொரு பள்ளம் உண்டு: பின்சாய்கோட்டை (\) அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால் அது புதுவரியாகிவிடும், 'டி' வந்தால் தத்தல் இடைவெளி. கோப்பு இல்லை என்று கணினி சொல்லும், நீங்கள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். 1980-களில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் கைவைத்த நாளில் கணினித் திரையில் தமிழ் தெரிவதே பெரும்பாடு. இன்று யூனிக்கோடு இருக்கிறது, ஆனாலும் சில நூலகங்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் இன்னும் தடுமாறுகின்றன. பாட்டியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தப்பிக்காமல், தமிழைத் திறக்கும் வழியைத் தேடுங்கள்.

4. விஎல்சியை டிகிண்டர் என்ற பைத்தான் சாளர நூலகத்தோடு சேர்க்கும்போது, படம் எந்தச் சாளரப் பகுதிக்குள் விழ வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தனிச் சாளரம் திறந்துகொள்ளும். விண்டோஸில் ஒவ்வொரு சாளரப் பகுதிக்கும் ஓர் எண் உண்டு, அதைக் கொடுங்கள். பைத்தான் 64 பிட் என்றால் விஎல்சியும் 64 பிட்டாக இருக்கட்டும். ஒரு மாணவி இரண்டு வாரம் இதில் தவித்தாள்.

5. பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்தால், நீங்கள் எங்கோ ஒரு சுழற்சிக்குள் கணினியைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். ஓப்பன்சிவி நூலகம் கொண்டு சட்டகம் சட்டகமாக வரைகிறவர்களுக்கு இது முதல் நாளே நேரும். ஒரு சட்டகம் வரைந்ததும் விட்டுவிடுங்கள், 33 மில்லிநொடி கழித்து மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். நடுவில் சாளரம் மூச்சுவிடும். ஓப்பன்சிவி ஒலி தராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்கு அது நல்லது, பாட்டி பேசுவதைக் கேட்க உதவாது.

6. இதை இரண்டு முறை படியுங்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக வர வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுவீர்கள். மீடியா பிளேயர் தன் நிலை மாறும்போதெல்லாம் உங்களிடம் ஓர் எண் சொல்லும்: 3 என்றால் ஓடுகிறது, 8 என்றால் முடிந்தது. 8 வந்த அந்த நிகழ்வுக்குள்ளேயே அடுத்த கோப்பின் முகவரியைக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்காதீர்கள். அது இன்னும் முந்தைய வேலையை மூடிக்கொண்டிருக்கிறது. அடுத்த படம் ஏறும், ஓடாமல் நிற்கும், ஏன் என்று புரியாது. விஎல்சியில் நிலைமை இன்னும் மோசம். அது அழைத்த இடத்திலிருந்தே அதைத் திரும்ப அழைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிடும். நிகழ்வுக்குள் 'அடுத்தது வேண்டும்' என்று குறித்துவைப்பதோடு நிறுத்துங்கள். ஒரு சிறு நேரங்காட்டி அந்தக் குறிப்பைக் கண்டு அடுத்ததைத் தொடங்கட்டும். பெரட்டில் நிற்கும்போதே நிரைக்கு ஓட முடியாது, பெயர் கூப்பிட்டு முடியட்டும்.

7. ஒலிதான் கடிகாரம். எங்கள் தோட்டத்தில் படம் காட்டிய அந்த 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் இடம் வேறு, படம் விழும் இடம் வேறு. ஆகவே பிலிமில் ஒலியை அதன் படத்துக்கு 26 சட்டகம் முன்னால் பதித்திருப்பார்கள். ஓட்டுகிறவர் பிலிமை மாட்டும்போது இரண்டுக்கும் நடுவில் விடும் வளைவு பெரிதானாலோ சிறிதானாலோ, உதடு ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். இன்றைய நிரலிலும் அதே சிக்கல்தான். ஒலி ஒரு கணம் அறுந்தால் காது உடனே கண்டுபிடிக்கும், ஒரு சட்டகம் விடுபட்டால் கண் பெரும்பாலும் கவனிக்காது. நல்ல இயந்திரங்கள் ஒலியை ஓடவிட்டு, பிந்திய சட்டகத்தைக் கைவிடுகின்றன. ஒலியையும் படத்தையும் தனித்தனியே ஓட்ட நீங்களே முயன்றால், ஐந்து நிமிடத்தில் இரண்டும் பிரிந்துவிடும். ஒரே இயந்திரத்திடம் ஒப்படையுங்கள்.

8. அகலம், உயரம் இரண்டையும் இழுத்து நிரப்பாதீர்கள். அலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைக் குறுக்கே இழுத்தால் பாட்டி அடையாளமே தெரியாமல் போவார். பக்கங்களில் கறுப்பு இருக்கட்டும்.

9. முடிந்ததும் கோப்பை விடுவியுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காணொளியை நீக்கவோ பெயர் மாற்றவோ விண்டோஸ் விடாது.

10. உங்களுக்குள் காட்டிச் சரி என்று முடிக்காமல், அதில் பேசியிருக்கும் பாட்டியிடமே சுட்டியைக் கொடுங்கள். ரிங்லெட் பக்கத்து வீடொன்றில் நாங்கள் கொடுத்தோம். எழுத்துப் பொத்தான்கள் அவருக்கு உதவவில்லை, ஒவ்வொருவர் முகத்தையும் பொத்தானாக வைத்த பிறகு உடனே பிடித்துக்கொண்டார். மீடியா பிளேயர் கட்டுப்பாட்டோடு வரும் சின்னச் சின்னக் குறிகளை மறைத்துவிட்டோம், அதற்கு ஒரே ஒரு பண்பை மாற்றினால் போதும். அவர் கேட்டது ஒன்றுதான்: "இப்ப சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லுப்பா." அதனால் ஐந்து நொடி பின்னே போகும் பொத்தான் வைத்தோம். மீடியா பிளேயர் நேரத்தை நொடியில் எண்ணும், விஎல்சி மில்லிநொடியில் எண்ணும், ஆகவே ஒன்றில் 5-ஐயும் மற்றதில் 5000-ஐயும் கழியுங்கள். கழித்தது பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியத்தில் நிறுத்துங்கள். அந்தப் பொத்தானை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக வையுங்கள்.