கடற்பாசிக் குழுக்களுக்கு மூலதனம் அளித்தல்

நமது விருதுநகர் ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. எனினும் 1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவுடன் சேர்ந்திருந்தோமாதலால், மண்டபம், பாம்பன் பகுதிகளில் நடைபெறும் கடற்பாசிப் பயிர் நமக்கு அன்னியமானதன்று. அப்பாசியின் சாறு இப்பொழுது பயிர்களுக்குத் தெளிக்கும் திரவமாகவும் விற்பனையாகிறது. அத்தொழிலை நடத்தும் பெண்கள் குழுக்களுக்குப் பணம் உதவ எண்ணும் நிலச்சுவான்தார்கள் முதலில் எவற்றை விசாரித்தறிய வேண்டுமென்பதை ஈண்டுக் கூறுவோம்.

பயிராவது பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட காப்பாபைகஸ் என்னும் பாசி. 2000-ம் ஆண்டையொட்டிப் பெப்சிகோ கம்பெனியார் இதில் ஈடுபட்டமையால், கரையோர ஜனங்கள் இதனைப் 'பெப்சிப் பாசி' என்றே அழைக்கலாயினர். 3 மீட்டர் சதுரமுள்ள மூங்கில் தெப்பத்தில் சுமார் 60 கிலோ விதைப்பாசியைக் கயிறுகளில் கட்டி மிதக்கவிட்டால், நல்ல பருவத்தில் 45 நாட்களில் 240 கிலோ வரை விளையும். எருவும் நன்னீரும் வேண்டியதில்லை. ஆனால் மறு நடவுக்கு 60 கிலோ ஒதுக்கினால் மிஞ்சுவது 180 கிலோவே. அது உலர்ந்தால் பத்திலொரு பங்காகி 18 கிலோவாகும். ஆகவே 240 கிலோவையும் வரவாகக் காட்டும் கணக்கைக் கண்டவுடன் மூடிவிடலாம்.

தெப்பவாரியாக நட்ட தேதி, அறுத்த எடை, உலர்ந்த எடை, பெற்ற விலை ஆகியவை நாள்வழியில் இருத்தல் வேண்டும். பெண்கள் தங்கள் உழைப்புக்குக் கூலி எழுதாது விடுவதுண்டு. அவ்வாறு காணும் லாபம் லாபமன்று.

2012-13-ல் ஏறக்குறைய 1,500 டன் உலர்பாசி கிடைத்தது. அடுத்து 2013-14-ல் கடல்நீர் சூடேறி விதைப்பாசியே மடிந்தது. கையிருப்புப் பணமில்லாத குழு இத்தகைய வருஷத்தில் எழுந்திருக்காது. நம்மவர்க்கு மகமை புதிதன்று. மண்டிச் சரக்கின்மீது பிடித்த சிறு தொகையும் வீடுதோறும் எடுத்த பிடியரிசியும் அல்லவா விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தன? அறுவடைதோறும் அதுபோல் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் ஜலசந்திப் பக்கத்துத் தெப்பங்கள் சிதையும். அம்மாதங்களில் தவணை வைத்தலாகாது. தீபாவளிச் சரக்கு விற்ற பின்னரே பணம் திரும்பும் சிவகாசி வியாபாரத்தை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொள்முதல் செய்பவர் ஒருவரேயாயின், குறைந்தபட்ச விலையும், பயிர் அழிந்தால் நஷ்டத்தைத் தாங்குவது யார் என்பதும் எழுத்தில் இருத்தல் அவசியம். வாயுடன்படிக்கையைப் பின்னர் மெய்ப்பித்தல் கடினம்.

தெப்பம் மிதக்கும் இடம் எல்லாவற்றினும் முக்கியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்காவாகும். குருசடைத் தீவருகே இப்பாசி பவளப்பாறைகளின்மேல் படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 2008-ல் வெளியிட்டனர். பவளம் மடிந்தால் மீனும் அகலும். மீன்துறையார் அனுமதித்த இடமென்று காட்டாத குழுவுக்கு எவ்வளவு நல்ல கணக்கிருந்தும் பணம் தருதல் தகாது.

இனித் தொகையைப் பார்ப்போம். ஒருத்தி 45 தெப்பங்கள் வைத்து, நாளொன்றுக்கு ஒன்றாக அறுப்பது வழக்கம். 2020-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் மீன்வளத் திட்டம் தெப்பமொன்றுக்கு 1,500 ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கு 60 சதம் மானியம் வகுத்தது. அக்கணக்கில் 67,500 ரூபாயில் 40,500 போக, ஒருத்திக்கு வேண்டுவது 27,000 ரூபாய். உலர்த்தும் பந்தலுக்கும் மழைக்கு மூடும் படுதாவுக்கும் தனியே வேண்டும். மனுச் செய்யும் குழுவின் தெப்பமொன்றை அறுவடை நாளில் நேரில் நிறுத்துப் பார்த்து, அதே பாசி காய்ந்தபின் மறுபடியும் நிறுத்து, அவ்விரு எடைகளையும் அவர்கள் நாள்வழியுடன் ஒத்திட்டபின் பத்திரம் எழுதலாம்.