கன்றும் பொலிகாளையும்

மூக்கண்டப்பள்ளி இன்று ஆலைகள் மலிந்த ஊர். ஆயினும் அதனையடுத்த ஓசூர் வட்டாரம் கால்நடைக்கும் பேர்பெற்றது. மத்திகிரிப் பண்ணை 1824-இல் தோன்றியதாகும். பாலை முற்றும் கறந்து விற்றுவிட்டுக் காளைக்கன்றைப் பட்டினியிடுவோர் எங்கும் உளர். அதனால் விளையும் கேடு உருவம் சிறுத்தலோடு நிற்பதன்று.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஊக்குநீர், ஈரலைத் தூண்டி ஐ.ஜி.எப்.-1 என்னும் துணைநீரைப் பிறப்பிக்கின்றது. விந்தகக் குழல்களின் இடையே, 1850-இல் லைடிக் என்னும் செருமானிய அறிஞர் கண்டுரைத்த உயிரணுக்கள் உள்ளன. கொலஸ்டிராலைக் கொண்டு டெஸ்டோஸ்டிரோன் ஆக்குபவை இவையே. அவற்றை ஏவுவது எல்.எச். என்னும் மற்றொரு பிட்யூட்டரி நீர்; அவ்வேவலை ஏற்கும் அளவிற்கு அவற்றை முதிர்விப்பதில் துணைநீருக்குப் பங்குண்டு.

வியப்பு யாதெனின், பசித்த கன்றில் வளர்ச்சி ஊக்குநீர் குறைவதில்லை. ஈரலே அதற்குச் செவிசாய்ப்பதில்லை. துணைநீர் குன்றவே விந்தகம் சிறுக்கும், பருவமும் தாழ்க்கும். முதல் ஆறு திங்களில் நேர்ந்த இக்குறையைப் பின்னர் இடும் தீனி முழுதும் ஈடுசெய்வதில்லை.