மரமும் மின்கம்பியும்

படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்தவன் பறம்பின் கோமான் பாரி. புன்னை மரத்தை உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் காதலனோடு நகையாடவும் நாணிய மகளிரை நற்றிணை காட்டுகின்றது. மரத்தை இங்ஙனம் போற்றிய நாட்டில், இன்று தெருதோறும் ஒரு வழக்கு நிகழ்கின்றது. வழக்காடுவோர் இருவர்: ஒருவர் வீட்டு வாயிலில் நிற்கும் வேம்பு, மற்றவர் அதன் கிளைகளுக்கிடையே செல்லும் மின்கம்பி. வேம்பு நிழல் தருகின்றது. கம்பி ஒளி தருகின்றது. ஒன்றை வாழ்விக்க மற்றொன்றை அழித்தல் வேண்டுமோ?

கம்பியின் முறையீடு பொய்யன்று. தெருக்களில் கம்பங்களின்மேற் செல்லும் கம்பிகளுள் பல உறையற்றவை. மழையில் நனைந்த கிளை மின்சாரத்தைக் கடத்தும். காற்றில் ஆடும் கிளை இரு கம்பிகளை ஒன்றோடொன்று முட்டச் செய்தால் தீப்பொறி பறக்கும். கிளை முறிந்து வீழ்ந்து கம்பி அறுமாயின், அறியாது மிதித்தவர் உயிரிழத்தலும் உண்டு. 2003 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14 ஆம் நாள், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், மின்னோட்ட மிகுதியால் சூடேறித் தாழ்ந்த பெருங்கம்பிகள், வெட்டப்படாது உயர வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டன. எச்சரிக்கைக் கருவியும் பழுதுற்றிருந்தமையால் கேடு விரைந்து பரவியது. அந்நாட்டிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர்.

இதற்கு அஞ்சி மரத்தின் தலையை மொட்டையடிப்போர் பலர். அது தீர்வன்று. உச்சி இழந்த மரம், இழந்த இலைகளை ஈடுசெய்யப் பல தளிர்க்கொம்புகளை விரைந்து விடும். அவை மேலோட்டமாகவே ஒட்டியிருத்தலின் எளிதில் முறியும். சின்னாளில் மீண்டும் கம்பியைத் தொடும். பெரிய வெட்டுவாய் வழியே அழுகலும் புகும். வெட்டும் செலவு பெருகுமேயன்றிக் குறையாது.

அலெக்ஸ் ஷைகோ (1930–2006) என்னும் அமெரிக்க அறிஞர் மரங்கள் பலவற்றை நெடுக அறுத்து, அவற்றின் உள்ளே ஆராய்ந்தார். மக்கள் உடலிற் புண் ஆறுவதுபோல மரத்திற் புண் ஆறுவதில்லை. மரம் புண்பட்ட பகுதியைச் சுற்றி அரண் எழுப்பி, அதனை அகத்தே அடைத்துவிட்டுப் புறத்தே புதிதாக வளர்கின்றது என்று அவர் விளக்கினார். கிளை தண்டோடு கூடுமிடத்தில் கழுத்துப்போற் புடைத்த ஒரு பகுதி உண்டு. அதனைச் சிதைக்காது, அதற்குச் சற்று வெளியே அறுத்தல் வேண்டும். கம்பியை நோக்கிச் செல்லும் கிளையை நீக்கி, விலகிச் செல்லும் கிளையை நிறுத்தினால், மரம் தன் வலிமையை அப்பக்கமே செலுத்தும். கத்தி அதுவே; அறிவுடையார் கையில் அது மருந்தாகின்றது.

மரமே விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பதுமில்லை. உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிக் கட்டினால் கிளைகளுக்கிடையே சிறு இடம் போதும். கம்பியை நிலத்தடியிற் புதைத்தலும் நன்று. ஆயினும், பள்ளம் தோண்டுவோர் வேரை அறுப்பின், கிளைக்கு வந்த கேடு வேருக்கு வந்ததாக முடியும். இவையாவற்றினும் எளியது வருமுன் காத்தல். கம்பியின் கீழ்ச் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி ஆகியவற்றை நடுக. வேம்பு, அரசு, தூங்குமூஞ்சி ஆகியவற்றைக் கம்பிக்கு எட்டாத தொலைவில் நடுக.

மாணவர் கம்பியருகே உள்ள மரத்தில் ஏறுதலும், கிளையை வெட்டுதலும் ஒருபோதும் கூடாது. கிளை கம்பியைத் தொடக் கண்டால் பெரியோர்வழி மின்வாரியத்திற்கு அறிவித்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே பயின்றோர் அதனை வெட்டுவர். அறுந்த கம்பியை அணுகாமல், பிறரையும் விலக்கி நிறுத்துதல் கடன்.

கம்பம் ஒரு நாளில் நடப்படும். கம்பி சில நாளில் இழுக்கப்படும். ஆனால் நிழல்தரும் மரம் ஆக ஒரு தலைமுறை வேண்டும். வழக்குத் தீர்ப்போர் இதனை மறவாதிருத்தல் நலம்.

வினாக்கள்
1. மரத்தை மொட்டையடித்தல் ஏன் தீர்வாகாது?
2. மரம் தன் புண்ணை எவ்வாறு காத்துக்கொள்கின்றது?
3. உம் தெருவில் மரமும் கம்பியும் இணங்கி வாழச் செய்யத்தக்கன யாவை?