தறியோசையும் பாட்டோசையும்

பக்கத்துத் தெருவில் கல்யாணம். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்குகிறது. வீட்டின் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டால் பாட்டின் சொற்கள் நம் காதில் விழுவதில்லை. ஆனால் 'டம், டம்' என்ற ஓசை மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். இதை நீங்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள்.

காரணம் எளியது. சுவரின் நிறை மிகப் பெரிது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் விசை, சுவரைச் சிறிதளவு நகர்த்துவதற்குள் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. விநாடிக்கு நூறு முறையே திசை மாறும் விசைக்குச் சுவரை அசைக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. ஆகவே உயர் அதிர்வெண் ஒலிகளைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தாழ் அதிர்வெண் ஒலிகள் ஓரளவு ஊடுருவி வருகின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வரதராஜப் பெருமாள் கோயில் அமைந்துள்ள சின்ன காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். பட்டுத் தறிகள் உள்ள ஒரு தெரு. ஒரு வீட்டுத் தாத்தா 1980-களில் பாடிய பாட்டு ஒரு கேசட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பாடிய வேறு பதிவு எதுவும் இல்லை. பேரன் அதைக் கணினியில் ஏற்றிக் கேட்கிறான். குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த வீட்டுத் தறியில் ஊடை நூலை நெருக்கப் பலகை அடிக்கும்போதெல்லாம் 'தொம்' என்று ஓர் ஓசை பாட்டின்மீது விழுகிறது. குரல் கெடாமல் இந்தத் 'தொம்'மை மட்டும் தணிக்க முடியுமா? இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் 'டைனமிக் ஈக்வலைசர்' என்னும் கணினி நிரல் இதற்குப் பெருமளவு உதவும். அது வேலை செய்யும் விதத்தைக் காண்போம்.

சமனி என்பது என்ன?

ஈக்வலைசர் என்ற சொல் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. நீண்ட கம்பிவடத்தின் வழியே பேச்சைச் செலுத்தும்போது, அதன் உயர் அதிர்வெண் பகுதிகள் தாழ் அதிர்வெண் பகுதிகளைவிட மிகுதியாக வலுவிழக்கும். மறுமுனையில் எல்லாப் பகுதிகளையும் பழையபடி சமமாக்க அமைத்த மின்சுற்றே ஈக்வலைசர். தமிழில் 'சமனி' எனலாம்.

ஒலியின் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் கூட்டவோ குறைக்கவோ சமனியால் முடியும். எந்தப் பட்டை, எவ்வளவு அகலம், எவ்வளவு கூட்டல் அல்லது குறைத்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றத்தக்க சமனியைப் பற்றி ஜார்ஜ் மாசன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1972-இல் ஓர் ஆய்வுரை வழங்கினார். பட்டையின் கூர்மையைக் 'கியூ' என்ற எண்ணால் குறிப்பர்.

கியூ = மைய அதிர்வெண் ÷ பட்டை அகலம்

நம் கேசட்டில் தறியோசை 80 ஹெர்ட்ஸ் முதல் 160 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது என்போம். மைய அதிர்வெண் 120. பட்டை அகலம் 80. எனவே கியூ 1.5. இந்தப் பட்டையை 6 டெசிபெல் குறைத்தால் அதிலுள்ள ஒலியின் வீச்சு ஏறத்தாழப் பாதியாகும்.

பேரன் அப்படியே செய்கிறான். தறியோசை குறைகிறது. ஆனால் தாத்தாவின் குரல் மெலிந்து, தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது! ஏன்? தாத்தா ஒரு கட்டைச் சுருதியில் பாடியிருக்கிறார். அவருடைய மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். இரண்டும் தறியோசையின் பட்டைக்குள்ளேயே இருக்கின்றன. தறி எப்போதாவதுதான் அடிக்கிறது. சமனியோ பாட்டு முழுவதும் குறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் தாமதமாக வந்த மாணவனை ஆண்டு முழுவதும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவது போன்றது இது.

'கம்ப்ரெசர்' என்று வேறொரு கருவி உண்டு. ஒலி உரக்க எழும்போது மட்டும் அது ஒலியளவைக் குறைக்கும். ஆனால் எல்லா அதிர்வெண்களையும் சேர்த்தே குறைக்கும். ஒவ்வொரு 'தொம்'முக்கும் பாட்டு முழுவதும் ஒரு முறை அமுங்கி எழும். ஒருவன் பேசியதற்காக வகுப்பு முழுவதையும் பெஞ்சின்மேல் ஏற்றுவது போல!

இயங்கு சமனி

சமனியின் பட்டைத் தேர்வையும் கம்ப்ரெசரின் நேரத் தேர்வையும் இணைத்தால் கிடைப்பதே டைனமிக் ஈக்வலைசர். 'இயங்கு சமனி' எனலாம். அது தனக்குக் குறித்துக் கொடுத்த பட்டையில் உள்ள ஒலி மட்டத்தை ஓயாது அளந்துகொண்டே இருக்கும். நாம் வகுத்த தொடக்க மட்டத்தை அது தாண்டினால் மட்டுமே குறைக்கும். தாண்டாதபோது சும்மா இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பட்டையில் தாத்தாவின் குரல் மட்டம் -30 டெசிபெல். தறி அடிக்கும்போது மட்டம் -18 டெசிபெல்லாக உயர்கிறது. தொடக்க மட்டத்தை -26 என்று வைக்கிறோம். குரல் மட்டும் ஒலிக்கும்போது இந்த வரம்பு எட்டப்படுவதில்லை. தறி அடிக்கும்போது வரம்பைத் தாண்டிய அளவு 8 டெசிபெல். தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபெல்லுக்கும் 1 டெசிபெல் மட்டுமே வெளியே விடுமாறு விகிதத்தை 4:1 என அமைத்தால், 8-க்கு 2 மட்டுமே வெளியே வரும். அதாவது 6 டெசிபெல் குறைகிறது. தறியோசையின் வீச்சு பாதியாகிவிட்டது. அடுத்த கணமே குரலின் கனம் திரும்பிவிடுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கருவிக்குத் தறியும் தாத்தாவும் ஒன்றே. 'தொம்' ஒலிக்கும் கணத்தில் அந்தப் பட்டையிலுள்ள குரலும் சேர்ந்தே குறைகிறது. ஆனால் அந்தக் கணம் மிகச் சிறியது. மேலும் உரத்த ஒலி தன்னருகே உள்ள மெல்லிய ஒலியை நம் செவிக்கு மறைத்துவிடும். எனவே இழப்பு நமக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு விரைவாக?

வரம்பைத் தாண்டியதும் குறைக்கத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று; மட்டம் தணிந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் மற்றொன்று. முதலாவதை 'பிடிநேரம்' என்றும், இரண்டாவதை 'விடுநேரம்' என்றும் வைத்துக்கொள்வோம்.

பிடிநேரத்தை மிகவும் குறைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். 120 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைவு நேரம் 1/120 விநாடி, அதாவது சுமார் 8 மில்லி விநாடி. பிடிநேரமும் விடுநேரமும் இதைவிட மிகக் குறைவாக இருந்தால், கருவி ஒலியின் மட்டத்தைப் பின்தொடராமல், அலையின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பின்தொடரத் தொடங்கிவிடும். அலையின் உருவமே சிதைந்து, மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றும். எனவே பிடிநேரத்தை 10 மில்லி விநாடி அளவில் வைப்பது நலம். விடுநேரம் தறியோசை தேய்ந்து மறையும் நேரத்துக்கு ஏற்ப 100 அல்லது 150 மில்லி விநாடி இருக்கலாம். அதை மிக நீட்டினால், தறி ஓய்ந்த பின்னும் குரல் மெலிந்தே கிடக்கும்.

பிடிநேரமாகிய அந்த 10 மில்லி விநாடிக்குள் 'தொம்'மின் தலைப்பகுதி தப்பிவிடாதா? தப்பிவிடும். இங்கேதான் கணினியின் வசதி உதவுகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி என்பது விநாடிக்கு 44,100 எண்களின் வரிசை. 10 மில்லி விநாடிக்கு 441 எண்கள். ஒலியை அந்த 441 எண்கள் அளவுக்குத் தாமதப்படுத்தி வெளியே விட்டால், வரப்போகும் 'தொம்'மைக் கருவி முன்கூட்டியே அறிந்து தயாராகிவிடும். பெரிய ஒலிப்பதிவு நிரலோடு செருகிப் பயன்படுத்தும் இத்தகைய சிறு நிரல்களைப் 'பிளக்-இன்' என்பர். டி.டி.ஆர். நோவா போன்ற சில, விலையின்றியும் கிடைக்கின்றன.

இந்தியாவில் பணியாற்றிய டால்பி

தேவைப்படும் பட்டையில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் செயல்படுதல் என்னும் கருத்து கணினிக்கு முந்தியது. ரே டால்பி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் ஆலோசகராகச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் 1965-இல் லண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலிநாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலைத் தணிக்க அவர் கண்ட வழி இதுதான்: பதிவு செய்யும்போது மெல்லிய ஒலிகளை மட்டும் சற்று உயர்த்திப் பதிவது, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவது. தாழ்த்தும்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். உரத்த ஒலி இரைச்சலைத் தானே மறைத்துவிடுவதால் அதை மாற்ற வேண்டியதில்லை. தொழில்முறைக் கருவியில் அவர் ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனித்தார்.

கச்சேரிப் பதிவில்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889 - 1934) மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் முதலிய பல தாளப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர் என்று புகழ்பெற்றவர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே பாட்டுத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், வாசிப்பவர்கள் தம் கையாலேயே ஓசையைத் தணிக்கவும் உயர்த்தவும் வேண்டியிருந்தது. பாடகர் கீழ்ஸ்தாயியில் இறங்கும்போது மிருதங்கத்தின் தொப்பியில் கும்கியைத் தணித்து வாசிப்பது இன்றும் நல்ல பக்கவாத்தியத்துக்கு இலக்கணம். செவியால் அளந்து கையால் திருத்தும் இயங்கு சமனி அது!

இன்று ஒவ்வொரு கலைஞருக்கும் தனி ஒலிவாங்கி வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு ஒன்றாகக் கலக்கிறார்கள். தொப்பியின் தாழ்ந்த ஓசை குரலின் அடிப்பகுதியை மறைத்தால் என்ன செய்வது? நிலையான சமனியால் அதை வெட்டிவிட்டால், பாட்டுத் தெளிவாகும். ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கம் பொலிவிழந்து நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை அதன் மேற்சுரங்களை அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளாக ஆக்குகிறது என்று சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் வெளியிட்டனர். கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய அந்த நாதத்தைக் கண்மூடி வெட்டலாமா?

இயங்கு சமனியில் வேறொரு வசதி உண்டு. அது ஒரு பதிவைக் கேட்டு, மற்றொரு பதிவில் செயல்படும். குரல் பதிவைக் கேட்கச் சொல்லி, மிருதங்கப் பதிவின் தாழ் பட்டையில் 2 அல்லது 3 டெசிபெல் மட்டும் குறைக்கச் சொல்லலாம். பாடும்போது தொப்பி சற்று ஒதுங்கும். தனி ஆவர்த்தனத்தில் பாடகர் மௌனமாவதால் குறைத்தலும் நின்று, மிருதங்கம் முழு நாதத்தோடு ஒலிக்கும்.

கலந்து முடித்த பதிவை வெளியிடுவதற்கு முன் கடைசியாகச் செப்பனிடுவதை 'மாஸ்டரிங்' என்பர். அப்போது வாத்தியங்களைப் பிரிக்க இயலாது. பாடகர் தார ஸ்தாயியில் உச்சம் தொடும்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேற்சுரங்கள் காதைக் குத்தலாம். நம் செவிக்குழல் சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய காற்றுத் தம்பம். அதன் ஒத்ததிர்வு அதிர்வெண் = 340 ÷ (4 × 0.025) = 3,400 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்தப் பகுதி நமக்கு அவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது. அந்த உச்ச கணங்களில் மட்டும் ஒன்றிரண்டு டெசிபெல் குறைத்தால் போதும்.

மூலத்தைக் காப்பாற்றுங்கள்

பழைய கேசட்டைச் செப்பனிடுவோர் முதலில் செய்யவேண்டியது, எதையும் மாற்றாத ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவதாகும். திருத்தங்களை வேறொரு பிரதியில்தான் செய்ய வேண்டும். வெட்டிய அதிர்வெண்களை முன்பிருந்தபடியே திரும்பப் பெற முடியாது. நாளை இன்னும் நல்ல கருவி வரலாம். மேலும், இன்று இடைஞ்சலாகத் தோன்றும் தறியோசையைக் கேட்கவே பின்னாளில் ஒருவர் அந்தப் பதிவைத் தேடக்கூடும்.

செய்து பாருங்கள்

கைப்பேசியிலோ கணினியிலோ சமனி உள்ள ஒரு பாட்டுச் செயலியைத் திறவுங்கள். 'ஸ' ஒலி மிகுந்து வரும் பாட்டு ஒன்றை ஒலிக்கவிட்டு, மேல் பட்டைகளை முழுவதும் தாழ்த்துங்கள். 'ஸ' தணியும், பாட்டும் மங்கும். இப்போது 'ஸ' வரும்போது மட்டும் விரலால் தாழ்த்தி, உடனே உயர்த்த முயலுங்கள். ஒவ்வொரு முறையும் பிந்திவிடுவீர்கள்! 'ஸ' நீடிப்பது சுமார் 0.1 விநாடி, கேட்டதும் கை இயங்க ஆகும் நேரம் சுமார் 0.2 விநாடி. கருவி ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

விடை காணுங்கள்

1. தொடக்க மட்டம் -26, விகிதம் 4:1. பட்டையின் மட்டம் -14 ஆனால் எத்தனை டெசிபெல் குறையும்?
2. மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தின் (98 ஹெர்ட்ஸ்) அலைவு நேரம் என்ன?
3. செவிக்குழல் 2 செ.மீ. நீளமுள்ள குழந்தைக்கு ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன?

(விடைகள்: 1. 9 டெசிபெல். 2. சுமார் 10.2 மில்லி விநாடி. 3. 4,250 ஹெர்ட்ஸ்.)