வருசநாட்டுக் கருங்கல்லின் பூர்வீகம்: ஐசோடோப்பு வழியே தேடுவது எப்படி?

ரீயூனியன் தீவின் எரிமலைப் பாறையில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதத்தை அளந்தால் 0.704க்கு அருகில் வரும். நடுக்கடல் முகட்டு பசால்ட்டில் அது 0.7025 அளவில் இருக்கும். பழைய கண்டப் பாறைகளில் பெரும்பாலும் 0.71ஐத் தாண்டும். தீவுப் பாறைக்கு வயது குறைவு. அதனால் இன்று அளக்கும் எண்ணே அது உருகி வந்த மூலப்பொருளின் அடையாளம்.

வருசநாட்டு மலையில் அப்படி நேராக வாசிக்க முடியாது. மதுரை வட்டாரப் பாறைகள் மிகப் பழையவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஆழத்தில் வெந்து உருமாறின. கம்பம் பக்கம் சில இடங்களில் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டியது. இவ்வளவு காலத்தில் பாறையிலுள்ள ருபீடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87ஐக் கூட்டியிருக்கும். எனவே பாறை பிறந்தபோது இருந்த விகிதத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்துப் புவியியல் மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முதலில் அனுமதி. வருசநாட்டை ஒட்டிய மேகமலைக் காடுகள் 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

மூல வைகை ஆற்றில் கிடக்கும் உருண்டைக் கல்லை எடுக்காதீர்கள். வெள்ளம் அதை எந்தச் சரிவிலிருந்து உருட்டி வந்தது என்று சொல்ல முடியாது. சாலைக்காக வெட்டிய இடம், கல் குவாரி போன்ற, பாறை வேரோடு தெரியும் இடமே வேண்டும். பழுப்பேறிய மேல்தோலைச் சம்மட்டியால் உடைத்து நீக்குங்கள். சார்னோக்கைட் என்ற பாறை வகையென்றால் புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மின்னும். குறுக்கே ஓடும் வெள்ளை, இளஞ்சிவப்புக் கீற்றுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை பிற்பாடு நுழைந்தவையாக இருக்கலாம். இரண்டு மூன்று கிலோ போதும். ஜிபிஎஸ் புள்ளி, பட்டைகள் ஓடும் திசை, பக்கத்துப் பாறை எது என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வகம் தரும் எண்ணுக்கு அர்த்தம் தருவது இந்தக் குறிப்பேடுதான்.

கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார் சிதைந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள். நீர் புகுந்த பாறையில் ருபீடியமும் ஸ்ட்ரான்சியமும் இடம் மாறியிருக்கும்.

அடுத்த கட்டம் ஆய்வகத்துக்கு உரியது: அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம், ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்கள். தூளை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, பிசின் குழாய் வழியே ருபீடியத்தைப் பிரித்துவிடுவார்கள். ருபீடியம்-87, ஸ்ட்ரான்சியம்-87 இரண்டின் நிறையும் ஏறக்குறைய ஒன்றே. கலந்து போனால் நிறைமானி ஏமாறும். முடிவோடு என்.பி.எஸ். 987 என்ற தரமாதிரியின் அளவையும் கேட்டு வாங்குங்கள். அது 0.71025ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

இனி கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: இன்றைய விகிதம் 0.7200, ருபீடியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் விகிதம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். ருபீடியம்-87இன் அரைவாழ்வு சுமார் 4,960 கோடி ஆண்டு. 55 கோடி ஆண்டில் சேர்ந்திருப்பது 0.0077, கழித்தால் 0.7123. வயதை 250 கோடி என்று கொண்டால் கழிக்க வேண்டியது 0.0355, மிச்சம் 0.6845. அது நடக்காத காரியம். சூரியக் குடும்பம் தொடங்கும்போதே இந்த விகிதம் 0.699! ஆக, ஒன்று வயது தவறு, அல்லது பிற்கால வெப்பத்தில் ருபீடியம் உள்ளே வந்திருக்கிறது. இப்படி அபத்தமான விடை வந்தால் தூக்கி எறியாதீர்கள். பாறை பட்ட பாட்டை அதுதான் சொல்கிறது.

வயதைச் சிர்கான் படிகத்தின் யுரேனியம்–ஈய அளவிலிருந்து எடுங்கள். நடுப்பகுதி பிறப்பையும், ஓரம் உருமாற்றத்தையும் காட்டுவது வழக்கம். கூடவே சமாரியம்–நியோடிமியமும் அளக்கச் சொல்லுங்கள். இவ்விரண்டும் வெப்பத்தில் அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. பாறையின் மூலப்பொருள் பூமியின் மேன்டிலை விட்டு எப்போது பிரிந்தது என்று மதிப்பிட அவை உதவும். கரூர்–கம்பம்–பைனாவு–திருச்சூர் பட்டையை வேறுபட்ட இரு நிலத்துண்டுகளின் எல்லையாக 2004இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. அதைச் சோதிக்கவும் இத்தகைய அளவுகள் உதவும்.

அந்த எல்லையை நீங்களே சோதிக்க நினைத்தால், பட்டைக்குக் குறுக்காக ஒரே கோட்டில், இருபுறமும் ஒரே வகைப் பாறையாகப் பார்த்து மாதிரி எடுங்கள்.